வெட்டியவன் கைக்கு வந்த கால்வாய்

வெட்டியவன் ஒருவன், வரி வாங்கியவன் வேறொருவன். மண் ஒரு நாட்டுக்குச் சொந்தம்; அந்த மண்ணைப் பிளந்து ஓடிய தண்ணீரோ மற்றொரு நாட்டுச் சீமான்களுக்குச் சொந்தம்! எண்பத்தேழு ஆண்டுகள் இந்த விந்தை எகிப்து நாட்டிலே, சூயஸ் கால்வாயிலே நடந்தது. 1956 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 26 ஆம் நாள் இரவு அது முடிந்தது. முடித்தவர் யார், எப்படி முடித்தார், முடிக்க விடாமல் தடுக்க யார் யார் எந்தெந்த வேடம் பூண்டு வந்தனர் என்பதைக் கழகத் தோழர்கள் நன்கு தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

"எங்கோ இருக்கிறது எகிப்து. அங்கே கால்வாய் யாரிடம் இருந்தால் நமக்கென்ன? ஆலைச் சங்கு ஊதினால் நாம் வேலைக்குப் போகத்தானே வேண்டும்?" என்று கேட்கும் தோழர் உண்டு. அவருக்கு ஒன்று கூறுவோம். சென்னைத் துறைமுகத்திலே நம்மவர் முதுகில் சுமந்து ஏற்றிய தோலும் கடலை எண்ணெயும் லண்டன் போய்ச் சேர வேண்டுமானால் அந்தக் கால்வாய் வழியாகத்தான் போக வேண்டும். அது அடைபட்டால் ஆப்பிரிக்கா கண்டம் முழுவதையும் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அதுமட்டுமல்ல. அந்த 1956 நமக்கும் சாமானிய ஆண்டு அல்ல. மே மாதம் திருச்சியிலே கூடிய கழக மாநில மாநாட்டில்தான் தேர்தலில் நிற்பது என்ற முடிவு பிறந்தது. நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. குமரி மாவட்டத்திலே கொடியேற்றி மகிழ்ந்தனர். அதே நவம்பர் முதல் நாள் எகிப்து மக்கள் தலைமீது பிரிட்டிஷ் விமானங்கள் வட்டமிட்டுக் குண்டு பொழிந்துகொண்டிருந்தன!

குண்டுக்கு வருமுன் கால்வாயின் கதை.

1854 இல் எகிப்தை ஆண்ட சயீத் பாஷா, தன் நண்பரான பிரெஞ்சுக்காரர் பெர்தினாண்ட் தெ லெஸ்ஸெப்ஸ் என்பவருக்கு ஒரு பட்டயம் எழுதிக் கொடுத்தார். மத்தியதரைக் கடலையும் செங்கடலையும் இணைத்துக் கால்வாய் வெட்டிக்கொள்ளலாம். திறந்த நாளிலிருந்து 99 ஆண்டுகள் கம்பெனி அனுபவித்துக்கொள்ளலாம். நிலம் எகிப்து தரும். ஆளும் எகிப்து தரும்! கூலிக்கு ஆள் அல்ல, கட்டாய வேலைக்கு ஆள். கிராமம் கிராமமாகப் பிடித்து, மாதம் இருபதினாயிரம் பேர் என்ற கணக்கில் பாலைவனத்துக்கு ஓட்டிச் சென்றனர். ஒரு கூட்டம் அங்கே மண்ணைத் தோண்டிக்கொண்டிருக்கும். ஒரு கூட்டம் போய்க்கொண்டிருக்கும். ஒரு கூட்டம் திரும்பிக்கொண்டிருக்கும். ஏர் பிடிக்க வேண்டிய கைகள் மூன்று கூட்டமாகக் கால்வாயிலே கட்டுண்டு கிடந்தன. 1859 இல் தொடங்கிய தொடக்க ஆண்டுகளில் பல இடங்களில் வெறுங்கையாலேயே மண்ணை அள்ளினர். மாண்டவர் எத்தனை? 1,20,000 பேர் என்று பின்னாளில் நாசர் முழங்கினார். அந்தக் கணக்கை ஒப்பாத வரலாற்றாசிரியர்கள் உண்டு. செத்த குடியானவனைச் சரியாக எண்ணி எழுதி வைக்க அன்று யாருக்கு அக்கறை!

இதைவிட ஒரு கொடுமை உண்டு. அதைத் தோழர்கள் ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டும். சயீதுக்குப் பின் வந்த இஸ்மாயில், 'இந்தக் கட்டாய வேலை கூடாது' என்று நிறுத்தினார். கம்பெனி என்ன செய்தது தெரியுமா? "எங்களுக்கு இலவசமாக வரவேண்டிய ஆட்களை நிறுத்திவிட்டீர்கள், எங்களுக்கு நஷ்டம், நஷ்டஈடு கொடு!" என்று வழக்குப் பேசிற்று. மத்தியஸ்தம் செய்தவர் பிரான்சு நாட்டுச் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியன். பிரெஞ்சுக் கம்பெனிக்குப் பிரெஞ்சு மன்னன் நடுவர்! 1864 இல் அவர் தந்த தீர்ப்பு: எகிப்து 8 கோடியே 40 லட்சம் பிராங்க் தர வேண்டும். அதில் 3 கோடியே 80 லட்சம் பிராங்க் கட்டாய வேலை ஆட்களை நிறுத்தியதற்காக. அடிமையை விடுவித்ததற்கு அபராதம்! ஊழியனை வதைத்தவன் ஊழியன் வீட்டிலேயே தண்டல் வாங்கினான்.

1869 நவம்பரில் கால்வாய் திறக்கப்பட்டது. பிரான்சின் பேரரசி வந்தார், பிரபுக்கள் வந்தனர், விருந்தோ விருந்து. விருந்துச் செலவும் கடனுக்கு வட்டியும் இஸ்மாயிலை அழுத்தின. நம் ஊர் ஜமீன்தார் வாணவேடிக்கைக்குக் கடன் வாங்கி நிலத்தை இழப்பதைப் பார்த்திருக்கிறோமல்லவா, அதேதான். 1875 இல் தம்மிடமிருந்த 1,76,602 பங்குகளையும் விற்றார். வாங்கியவர் பிரிட்டிஷ் பிரதமர் டிஸ்ரேலி. விலை ஏறக்குறைய 40 லட்சம் பவுன். கால்வாய் வெட்டவே கூடாது என்று ஆரம்பத்தில் எதிர்த்து நின்றது இதே பிரிட்டன்தான்! 1880 இல் எகிப்தின் லாபப் பங்கான நூற்றுக்குப் பதினைந்தும் விலை போயிற்று. 1882 இல் பிரிட்டிஷ் பட்டாளம் வந்து இறங்கிற்று. 'கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போய்விடுவோம்' என்றனர். அந்தக் கொஞ்ச நாள் 74 ஆண்டுகள் நீண்டது.

இடையிலே 1910 இல் ஒரு முயற்சி நடந்தது. 1968 இல் முடிய வேண்டிய பட்டயத்தை 2008 வரை நீட்டித் தரும்படி கம்பெனி கேட்டது. எகிப்தியப் பேரவை 'முடியாது' என்று தள்ளிவிட்டது. அடிமைப்பட்ட நாட்டின் அதிகாரமற்ற பேரவைதான். என்றாலும் அந்த ஒரு 'முடியாது' இல்லாதிருந்தால் 1956 இல் நாசர் இன்னும் எவ்வளவு பெரிய பாறையைப் புரட்ட வேண்டியிருந்திருக்கும்!

இனி 1956.

ஆண்டு பிறந்த அன்றே சூடான் தனி நாடாயிற்று. 'நைல் நதி முழுவதும் எமதே' என்று பேசிப் பழகிய எகிப்தியர் பலருக்கு அது கசப்பு. ஆனால் சூடானியர் விரும்பிய வழி அதுதான் என்பதை ஏற்றுக்கொண்டனர். பிரிந்து வாழ விரும்பியவரைப் பிடித்து வைக்காத அந்தப் பண்பை நாம் பாராட்டுகிறோம். ஜூன் 13 இல் கடைசிப் பிரிட்டிஷ் படையினர் கால்வாய்ப் பகுதியை விட்டுக் கப்பலேறினர். ஜூன் 18 இல் போர்ட் சயீதில் கடற்படை மாளிகை மீது நாசர் கொடியேற்றினார். அஞ்சல் குமாஸ்தா ஒருவரின் மகன், வயது முப்பத்தெட்டு.

ஜூன் 23 இல் வாக்கெடுப்பு. புதிய அரசியல் சட்டம், குடியரசுத் தலைவராக நாசர், இரண்டுக்கும் மக்கள் ஓட்டுப் போட்டனர். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் ஆதரவு என்று அறிவித்தனர். இங்கே நாம் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். எதிரே நின்ற வேட்பாளர் ஒருவருமில்லை. கட்சிகள் 1953 லேயே தடை செய்யப்பட்டுவிட்டன. முஸ்லிம் சகோதரர் கழகத்தாரும் கம்யூனிஸ்டுகளும் சிறையிலே இருந்தனர். ஓட்டுச் சாவடியைக் கோயிலாகக் கருதாமல், கோட்டையைப் பிடிக்கும் படிக்கட்டாகக் கருதும் நமக்கு, எதிர்க்கட்சியில்லாத தேர்தல் உப்பில்லாத சோறு. நாசரைப் போற்றுகிறோம், அதற்காக அந்த நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதையும் போற்றிவிட முடியாது.

எனினும் அந்தச் சட்டத்திலே ஒரு நல்ல வரி இருந்தது. பெண்களுக்கு வாக்குரிமை! அது தானாக வரவில்லை. 1951 இல் தோரியா ஷபீக் என்ற மாதரசி 1,500 பெண்களைத் திரட்டிக்கொண்டு பாராளுமன்றத்துக்குள்ளேயே நுழைந்து உரிமை கேட்டார். 1954 இல் பட்டினிப்போர் நடத்தினார். பலன் 1956 இல் வந்தது. அதிலும் ஓர் ஓட்டை வைத்தனர்: ஆண்கள் வாக்காளராகப் பதிந்தே ஆக வேண்டும், பெண்களோ எழுதப் படிக்கத் தெரிந்து, தாமே விண்ணப்பித்தால்தான் பதிவு. என்றாலும் 1957 தேர்தலிலே ராவியா அத்தியா, அமீனா ஷுக்ரி என்ற இரு பெண்மணிகள் வென்று மன்றம் புகுந்தனர். வழி திறந்த தோரியா ஷபீக் என்ன ஆனார் என்பதைப் பின்னே கூறுவோம்.

அணைக்கு வருவோம். நைல் நதி ஒரு பருவம் பெருக்கெடுத்து ஊரை அடிக்கும். ஒரு பருவம் வற்றி வயலைக் காயவைக்கும். தஞ்சைத் தோழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அஸ்வான் என்ற இடத்திலே பேரணை ஒன்று கட்டினால் பாசனமும் கிடைக்கும், மின்சாரமும் கிடைக்கும். பணம்? அமெரிக்கா 5 கோடியே 60 லட்சம் டாலர், பிரிட்டன் 1 கோடியே 40 லட்சம் டாலர் தருவதாகவும், உலக வங்கி 20 கோடி டாலர் கடன் தருவதாகவும் பேச்சு. பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே டல்லசின் புருவம் நெரிந்தது. 1955 இல் நாசர் செக்கோஸ்லோவாகியா வழியாகச் சோவியத் ஆயுதம் வாங்கினார். 1956 மே மாதம் மக்கள் சீனத்தை அங்கீகரித்தார். போதாதென்று, அமெரிக்கத் தென்பகுதியின் பருத்திப் பிரபுக்கள், 'எகிப்துக்கு அணை கட்டிக் கொடுத்தால் அவன் பருத்தி நம் பருத்தியோடு போட்டி போடுமே' என்று முணுமுணுத்தனர். ஜூலை 19 இல் வாஷிங்டனிலே எகிப்தியத் தூதரை அழைத்து, 'பணம் கிடையாது' என்று கூறிவிட்டார் டல்லஸ். எகிப்தின் பொருளாதாரம் அவ்வளவு பெரிய சுமையைத் தாங்காது என்று காரணம் வேறு! கடன் கொடுக்க மனமில்லாவிட்டால் இல்லை என்று சொல்லிவிடலாம். கேட்டவன் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று தெருவில் நின்று பறைசாற்ற வேண்டுமா?

அந்தச் செய்தி வந்தபோது நாசர், யுகோஸ்லாவியாவில் டிட்டோவையும் நேருவையும் சந்தித்துவிட்டு, நேருவோடு ஒரே விமானத்தில் கெய்ரோ திரும்பிக்கொண்டிருந்தார். நேருவிடமும் தம் திட்டத்தைச் சொல்லவில்லை. ஒரு வாரம் பொறுத்தார்.

ஜூலை 26, அலெக்சாந்திரியாவின் மன்ஷியா சதுக்கம். ஈராண்டுக்கு முன் இதே சதுக்கத்தில்தான் அவர் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. மக்கள் கடலென நின்றனர். வானொலி நாடெங்கும் ஒலிபரப்பிற்று. நாசர் பேசலானார். எழுத்துநடையிலே அல்ல, தெருவிலே பேசும் அரபு மொழியிலே! மேடைப் பேச்சின் அருமை அறிந்த நமக்கு அதன் பொருள் புரியும். உலக வங்கித் தலைவர் தம்மிடம் பேசியபோது, எதிரே தெ லெஸ்ஸெப்ஸ் அமர்ந்திருப்பதாகவே தோன்றியது என்றார். மீண்டும் தெ லெஸ்ஸெப்ஸ் என்றார். மறுபடியும் தெ லெஸ்ஸெப்ஸ்! கூட்டத்தாருக்கு அது வசையாகப் பட்டது. அது வசை அல்ல, சமிக்ஞை! மகமூது யூனிஸ் என்ற பொறியியல் அதிகாரிக்கு இரண்டு நாளைக்கு முன் இட்ட இரகசியக் கட்டளை அது. அந்தப் பெயர் வானொலியில் காதில் விழுந்த மறுகணம், இஸ்மாயிலியா, போர்ட் சயீத், சூயஸ் நகர்களில் தயாராக இருந்த குழுக்கள் கம்பெனி அலுவலகங்களுக்குள் நுழைந்தன. நாசர் பேசி முடிக்கும்போது கால்வாய் எகிப்தின் கையில்! கம்பெனி ஆண்டுக்கு 3 கோடியே 50 லட்சம் பவுன் வசூலிக்கிறது. எகிப்துக்குக் கொடுப்பது 10 லட்சம் என்ற கணக்கை எடுத்துக்காட்டி, அந்த வருமானத்திலேயே அணை கட்டுவோம் என்று அறிவித்தார்.

"திருடன்! கொள்ளைக்காரன்!" என்று லண்டனிலும் பாரிசிலும் கூச்சல் கிளம்பிற்று. ஈடன், நாசரை முசோலினியோடு ஒப்பிட்டார். திருடன் பொருளுக்கு விலை தருவானா? சட்டத்தின் முதல் விதியிலேயே, முதல்நாள் பாரிஸ் பங்குச் சந்தையில் என்ன விலையோ அந்த விலையைப் பங்குக்காரருக்குத் தருவோம் என்று எழுதியிருந்தது. பிரிட்டன் 1946 இலும் 1947 இலும் தன் இங்கிலாந்து வங்கியையும் நிலக்கரிச் சுரங்கங்களையும் விலை கொடுத்து நாட்டுடைமை ஆக்கிக்கொண்டதே, அது மட்டும் சீர்திருத்தம். கறுத்த மேனியன் செய்தால் களவா? இந்தக் கேள்விக்கு ஈடன் கடைசிவரை விடை தரவில்லை.

பிறகு ஒரு வாதம் கிளப்பினர். "கால்வாயை எடுத்துக்கொள்ளலாம், நடத்தத் தெரியுமா? குறுகிய வாய்க்கால், பெரிய கப்பல், மணல் கரை. வழிகாட்டும் பைலட்டுகள் எல்லாம் ஐரோப்பியர். எகிப்தியன் கையில் விட்டால் ஒரே வாரத்தில் கப்பல்கள் முட்டிக்கொண்டு நிற்கும்" என்றனர். தோழர்களே, இந்தப் பேச்சை எங்கேயோ கேட்டது போல் இல்லையா? 'உனக்குப் படிக்க வராது, உனக்கு ஆள வராது, பரம்பரையாகச் செய்கிறவனிடம் விட்டுவிடு' என்று நம்மைப் பார்த்துக் கூறவில்லையா? அதே குரல், வேறு மொழியில்!

மொத்தப் பைலட்டுகள் சுமார் 200 பேர். எகிப்தியர் சுமார் 40 பேர். செப்டம்பர் 14 நள்ளிரவில், பழைய கம்பெனியின் தூண்டுதலால், வெளிநாட்டுப் பைலட்டுகளில் மிகப்பெரும்பாலோர் ஒரே நேரத்தில் வேலையை விட்டு வெளியேறினர். நம் சங்கத் தோழர்கள் கூலிக்காக வேலைநிறுத்தம் செய்தால் 'நாட்டுத் துரோகம்' என்கிறார்களே, அந்தச் சீமான்கள் நடத்திய வேலைநிறுத்தம் இது! அது மட்டுமா? அதே நேரத்தில் வழக்கத்துக்கு மேற்பட்ட கப்பல்களை வேண்டுமென்றே வாயிலில் கொண்டுவந்து வரிசையாக நிறுத்தினர். எகிப்தியப் பைலட்டுகள் தூக்கம் பாராமல் உழைத்தனர். கிரேக்கப் பைலட்டுகள் கைவிடவில்லை. பயிற்சியிலிருந்த இளைஞர்கள் சக்கரத்தருகே நின்றனர். வேறு பல நாடுகளிலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்தனர். கப்பல்கள் போயின! ஒரு நாள் போயின, ஒரு வாரம் போயின, வழக்கம் போலப் போய்க்கொண்டே இருந்தன. அணுகுண்டும் இல்லை, ஆகாய விமானமும் இல்லை. வேலை தெரிந்த நூறு பேர் ஏகாதிபத்தியத்தின் பெரிய வாதத்தை அந்த வாரத்திலே உடைத்தெறிந்தனர். அந்த ஆண்டு எகிப்தில் நடந்தவற்றுள் எது சிறந்தது என்று நம்மைக் கேட்டால், மன்ஷியா சதுக்கப் பேச்சைக்கூட அல்ல, இதைத்தான் காட்டுவோம்.

இடையிலே மாநாடுகள். ஆகஸ்டில் லண்டனிலே 22 நாடுகள் கூடின. எகிப்து போகவில்லை. 'கால்வாயைச் சர்வதேசக் குழு நடத்தட்டும்' என்றன 18 நாடுகள். இந்தியா, இலங்கை, இந்தோனேசியா, சோவியத் நாடு நான்கும் ஒப்பவில்லை. இந்தியாவின் சார்பில் கிருஷ்ண மேனன் எகிப்தின் உரிமையை ஏற்கும் மாற்றுத் திட்டம் வைத்தார். தில்லியோடு நமக்கு ஆயிரம் வழக்கு உண்டு. இதில் தில்லி செய்தது சரி என்று கூற நாம் தயங்கவில்லை. ஆஸ்திரேலியப் பிரதமர் மென்சீஸ் செப்டம்பரில் கெய்ரோ போய்ப் பேசிவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்.

பைலட் தந்திரம் பலிக்கவில்லை. மாநாட்டுத் தந்திரமும் பலிக்கவில்லை. மிச்சமிருந்தது சதி.

அக்டோபர் 22 முதல் 24 வரை பாரிசுக்கு அருகே செவ்ர் என்ற ஊரில், ஒரு தனி மாளிகையில், பிரிட்டன், பிரான்சு, இஸ்ரேல் மூன்றின் பெரிய மனிதர்கள் இரகசியமாகக் கூடினர். இஸ்ரேல் எகிப்து மீது பாய வேண்டியது. 'ஐயோ, போர் மூண்டதே! கால்வாய்க்கு ஆபத்தே!' என்று பிரிட்டனும் பிரான்சும் சமாதானத் தூதர் வேடம் பூண்டு வந்து கால்வாயில் இறங்க வேண்டியது. மூன்று பேரும் கையெழுத்திட்ட தாளை அழித்துவிட ஈடன் பாடுபட்டார். பிரிட்டிஷ் பிரதி எரிக்கப்பட்டது. இஸ்ரேலின் பிரதி தப்பிப் பிழைத்து, பல்லாண்டுக்குப் பின் உலகத்தின் கண்ணுக்கு வந்தது. டிசம்பர் 20 இல் பாராளுமன்றத்தில் எழுந்து நின்று, இஸ்ரேல் தாக்கப் போவது முன்கூட்டித் தெரியாது என்று சாதித்தவர் அந்தக் கனவான்!

அக்டோபர் 29 இல் இஸ்ரேலியப் படை சினாய்ப் பாலைவனத்தில் இறங்கிற்று. மறுநாள் பிரிட்டனும் பிரான்சும் இறுதி எச்சரிக்கை விடுத்தன. இரு தரப்பும் கால்வாயிலிருந்து பத்து மைல் விலகி நிற்க வேண்டுமாம். இஸ்ரேலியரின் பெரும்படை அப்போது கால்வாய்க்கு வெகு தொலைவில் நின்றது! ஆகவே எச்சரிக்கையின் பொருள், 'வந்தவனே, இன்னும் முன்னேறு. வீட்டுக்காரனே, உன் வீட்டை விட்டுப் பத்து மைல் ஓடு' என்பதே. நாசர் மறுத்தார். அக்டோபர் 31 மாலை குண்டுவீச்சு தொடங்கிற்று. எகிப்து கால்வாயில் நாற்பதுக்கும் மேற்பட்ட கப்பல்களை மூழ்கடித்து வழியை அடைத்தது. சிரியாவிலே எண்ணெய்க் குழாயின் பம்பு நிலையங்கள் தகர்க்கப்பட்டன. நவம்பர் 5 இல் பாராசூட் படை, 6 இல் கடற்படை, போர்ட் சயீதில் இறங்கின. அங்கே ஊர்க்காரனும் மீன்பிடிப்பவனும் கிடைத்த துப்பாக்கியைத் தூக்கித் தெருத்தெருவாக எதிர்த்தனர். பிரிட்டிஷ் படையில் மாண்டவர் 16 பேர். போர்ட் சயீத் மக்களில் மாண்டவரோ நூற்றுக்கணக்கானவர். காசாப் பகுதியின் கான் யூனிசில் நவம்பர் 3 இல் பாலஸ்தீனியர் 275 பேர் கொல்லப்பட்டதாக ஐக்கிய நாடுகள் அறிக்கையே கூறிற்று.

போர்க்களத்திலே எகிப்து வென்றது என்று சிலர் கதை கட்டினர். நாம் அப்படிக் கூறமாட்டோம். சினாயிலே படை பின்வாங்கிற்று. விமானப்படை தரையிலேயே அழிந்தது. வெற்றி வேறிடத்தில் கிடைத்தது.

நவம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை. லண்டன் டிரபால்கர் சதுக்கத்திலே பல்லாயிரம் மக்கள் கூடினர். "சட்டம் வேண்டும், போர் வேண்டாம்" என்பது முழக்கம். தென்வேல்சு நிலக்கரிச் சுரங்கத்திலே சிறு வயதில் கரி வெட்டிய தொழிலாளி அனூரின் பெவன் மேடையேறி ஈடனைச் சாடினார். ஈடனின் அமைச்சர் ஆந்தணி நட்டிங் பதவியைத் துறந்தார். பிரிட்டிஷ் ஏகாதிபத்தியம் வேறு, பிரிட்டிஷ் தொழிலாளி வேறு என்று நாம் சொல்லி வருவதற்கு இந்த ஞாயிற்றுக்கிழமையே சான்று.

ஐக்கிய நாடுகள் பொது மன்றத்திலே போரை நிறுத்தச் சொல்லும் தீர்மானத்துக்கு ஆதரவு 64; எதிர்ப்பு 5. தாக்கிய மூன்று நாடுகளோடு ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும், அவ்வளவுதான் துணை! சோவியத் நாடு ராக்கெட்டைக் காட்டி மிரட்டிற்று. ஆனால் ஈடனை உண்மையில் மண்டியிட வைத்தது ராக்கெட் அல்ல, ரொக்கம். பவுன் நாணயத்தின் மதிப்பு சரிந்தது; நவம்பர் ஒரே மாதத்தில் பிரிட்டனின் கையிருப்பு 27 கோடி டாலருக்கு மேல் கரைந்தது. சர்வதேச நிதியத்தில் பணம் எடுக்க அமெரிக்கா இடங்கொடுக்கவில்லை. அணைக்குக் கடன் தர மறுத்து எகிப்தை அழுத்தினர் ஜூலையில். நவம்பரில் அதே மருந்தைப் பிரிட்டன் குடிக்க வேண்டி வந்தது. நவம்பர் 6 நள்ளிரவில் போர் நின்றது. டிசம்பரில் பிரிட்டனிலே பெட்ரோலுக்கு ரேஷன்!

அமெரிக்காவுக்கு எகிப்து மீது காதலா? இல்லை. சோவியத்துக்குச் சுதந்திரத்தின் மீது காதலா? அதுவும் இல்லை. போர்ட் சயீதில் பாராசூட் இறங்குவதற்கு முதல்நாள்தான் சோவியத் டாங்கிகள் புடாபெஸ்ட் நகருக்குள் புகுந்து ஹங்கேரி மக்களை நசுக்கின. சூயசுக்குக் கண்ணீர் விட்டுக்கொண்டே ஹங்கேரியின் கழுத்தைப் பிடித்தது ஒரு கை! சூயசிலே உரத்துப் பேசிய தில்லி, ஹங்கேரியைப் பற்றி முதலில் மென்று விழுங்கியது. ஹங்கேரியிலே சுதந்திரத் தேர்தல் கோரிய தீர்மானத்துக்கு எதிராகவும் வாக்களித்தது. சிறிய நாடு எந்தப் பக்கம் இருந்தாலும் சிறிய நாடுதான். அதை மிதிக்கும் செருப்பின் நிறம் பார்த்துப் பேசுவது நியாயம் ஆகாது.

ஐக்கிய நாடுகளின் படை வந்தது. கனடாவின் லெஸ்டர் பியர்சன் யோசனை சொல்ல, ஹம்மர்ஷீல்ட் அமைத்தார். இந்தியாவிலிருந்தும் வீரர்கள் சென்றனர். டிசம்பர் 22 இல் கடைசிப் பிரிட்டிஷ், பிரெஞ்சு வீரர்கள் வெளியேறினர். இரண்டே நாள் கழித்து, போர்ட் சயீதில் கடலைப் பார்த்து நின்ற தெ லெஸ்ஸெப்ஸ் சிலையை மக்கள் வெடி வைத்துப் பெயர்த்தனர். ஈடன் 1957 ஜனவரியில் பதவி விலகினார். ஏப்ரலில் கால்வாய் மீண்டும் திறந்தது.

இத்தனை பெருமைக்கும் இடையே எகிப்து செய்த தவறுகளை மூடி மறைக்க நமக்குக் கடமையில்லை. இஸ்ரேல் செய்த குற்றத்துக்காக, எகிப்திலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த யூதர்கள் தண்டிக்கப்பட்டனர். சொத்து பறிபோய், ஒரு பெட்டியோடு, இருபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் நாட்டை விட்டுப் போயினர். பிறந்த இனத்துக்காக ஒருவனைத் தண்டிப்பது எந்தக் கொடியின் கீழ் நடந்தாலும் கொடுமைதான். தோரியா ஷபீக்? 1957 பிப்ரவரியில் நாசரின் சர்வாதிகாரத்தை எதிர்த்து அவர் மீண்டும் பட்டினிப்போர் தொடங்கினார். அதற்கு அவர் தேர்ந்த இடம் கெய்ரோவிலிருந்த இந்தியத் தூதரகம். பின்னர் வீட்டுக்காவலில் வைத்தனர். பத்திரிகைகளில் அவர் பெயர் வரக்கூடாது என்றனர். பெண்ணுக்கு ஓட்டு வாங்கித் தந்தவளுக்குப் பேச்சு இல்லை!

அஸ்வான் அணையும் எழுந்தது. 1958 இல் சோவியத் கடன். 1960 ஜனவரியில் வேலை தொடக்கம். 1970 இல் நிறைவு. அதே ஆண்டு செப்டம்பரில் நாசர் மறைந்தார். வயலுக்கு நீரும் வீட்டுக்கு விளக்கும் வந்தன. அணைக்குப் பின்னே தேங்கிய நீரிலே நூபியா மூழ்கிற்று. எகிப்திலும் சூடானிலுமாகச் சுமார் ஒரு லட்சம் நூபியர்கள் தம் மொழி வழங்கிய ஊர்களை விட்டுப் பெயர்க்கப்பட்டனர். அபு சிம்பெல் கோயிலைக் கல் கல்லாக அறுத்து உயரத்தில் வைத்துக் காக்க உலகமே பணம் திரட்டிற்று. கல்லுக்குக் கிடைத்த கவனத்தில் பாதி, நூபியக் குடியானவனுக்குக் கிடைத்திருக்கலாம்.

கம்பெனியின் கணக்கு? 1958 இல் உடன்பாடு ஆயிற்று. நஷ்டஈடு 2 கோடியே 83 லட்சம் எகிப்தியப் பவுன். 'தரமாட்டான், திருடன்' என்று தூற்றப்பட்டவன், குறித்த கெடுவுக்கு முன்பாகவே, 1963 தொடக்கத்தில் கடைசித் தவணையையும் கட்டி முடித்தான்.